பரிசில் அல்ல, கூலி

என் அம்மா ஒரு நிலக்காரரைப் பார்த்து "வரல" என்று சொன்னதை நான் முதன்முதலாகக் கேட்டது 2006இல்.

அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். புறநானூற்றுத் துறைகளை அட்டைகளில் பிரித்து எழுதிக்கொண்டிருந்த காலம். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஊர் என்றால் காணையை ஒட்டிய ஒரு கிராமம்; இன்னும் சரியாகச் சொன்னால் அந்தக் கிராமத்தின் காலனி. விடிந்தும் விடியாத நேரத்தில் கயினிக்காரர் வீட்டு ஆள் வந்தார். காலனிக்குள் வரமாட்டார். தெருமுனைப் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "நடவுக்கு ஆளு வேணும், எல்லாம் கெளம்பி வாங்க" என்று குரல் கொடுப்பார். அது அழைப்பு இல்லை, உத்தரவு. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்: "நான் ஏரி வேலைக்கிப் போறன். வரல."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, கையை ஆட்டவில்லை. அடுத்த வாசலிலிருந்து பெரியம்மாவும் அதையே சொன்னார். சைக்கிள்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். எங்கள் ஆயா காலத்தில் இந்தச் சொல் வாயில் வந்திருந்தால் மறுநாள் வரப்பில் நடக்க முடியாது, ஆடு மேய்க்கப் புல் இருக்காது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கைமாற்றுக் கேட்க ஒரு வாசல் இருக்காது. அம்மாவுக்கு அந்தக் காலையில் புதிதாக வீரம் எதுவும் வந்துவிடவில்லை. போவதற்கு இன்னொரு இடம் இருந்தது.

அந்த இடத்தை உண்டாக்கியது ஒரு சட்டம். 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம். 2006 பிப்ரவரியில் நாடு முழுவதும் 200 மாவட்டங்களில் அது தொடங்கியபோது தமிழ்நாட்டில் 6 மாவட்டங்கள்தான் முதல் பட்டியலில் இருந்தன. கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை, விழுப்புரம். பின்தங்கிய மாவட்டம் என்று எங்களை எண்ணியதால் கிடைத்த முன்னுரிமை. பின்தங்கியதற்காக நாங்கள் மகிழ்ந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நாள் கூலி 80 ரூபாய். அப்போது எங்கள் பக்கம் நடவுக்குப் போன பெண்களுக்கு 40 ரூபாய், நாற்றுக்கட்டு தூக்கும் ஆணுக்கு அதில் இரண்டு பங்கு. ஏரியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வெட்டிய மண்ணை அளந்து 80 ரூபாயைக் குறைத்த வாரங்களும் உண்டு. அதற்காகப் பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்த வாரங்களும் உண்டு. ஆனாலும் அடுத்த நடவுக்குக் கயினிக்காரர் வீட்டுக் கூலி தானாக ஏறியது. யாரும் கொடி பிடிக்கவில்லை. ஏரிக்கரையில் கூலி ஏறினால் கயினியிலும் ஏறித்தான் ஆக வேண்டும். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு நீளமான பெயர் வைத்திருப்பார்கள். பெரியம்மா, "இப்ப நம்மள மதிச்சிக் கூப்புடறாங்க" என்றார்.

இதை எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது என்றால், இருபது வருடமாக ஒரே வாக்கியத்தைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டவுன் பஸ்ஸில் கேட்கிறேன். கல்யாணப் பந்தியில் கேட்கிறேன். கல்லூரியில் ஆசிரியர் ஓய்வறையில், ஏழாவது ஊதியக்குழுவின் நிலுவைத் தொகையை வட்டியோடு கணக்குப் போடத் தெரிந்தவர்களின் வாயிலிருந்து கேட்கிறேன். "நூறு நாள் வேல வந்துதான் விவசாயமே அழிஞ்சிபோச்சி. மரத்தடியில உக்காந்து கத பேசிட்டுக் காசு வாங்கறாளுங்க." அந்த "ளுங்க" என்ற விகுதியைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். அதனால்தான் அந்த விகுதி அவ்வளவு எளிதாக வருகிறது.

அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் என்ன பொருள்? நான் கொடுக்க நினைக்கும் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பொருள். வேறு எந்தத் தொழிலிலும் இப்படிப் பேசமாட்டார்கள். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போதவில்லை என்றால் கரும்புக்கு விலை கூட்ட வேண்டும் என்பார்கள். கரும்பு சோம்பேறியாகிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெண்ணின் உழைப்பு மட்டும்தான் விலை கேட்டால் சோம்பேறித்தனமாகிவிடுகிறது. விவசாயி நொடிந்துபோயிருப்பது உண்மை. உர விலை ஏறுகிறது, மல்லாட்டைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைப்பதில்லை, கரும்புப் பணம் இழுத்தடித்து வருகிறது. இவற்றுக்கெல்லாம் ஆலைக்காரரையோ அமைச்சரையோ கேட்க முடியாதபோது, வரப்பில் நிற்கும் பெண்ணின் கூலியில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று முடிவாகிறது. நொடிந்த விவசாயத்தின் நட்டத்தை நிலமே இல்லாதவள் சுமக்க வேண்டுமாம்.

மரத்தடியில் உட்கார்ந்து பேசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஏரியில் முதல் வருடம் இரண்டு தண்ணீர்க் குடங்கள் இருந்தன, ஊர்த்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. எந்த வருடம் ஒன்றானது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரே ஏரியில் மண் எடுத்து, ஒரே மரத்தடியில் உட்கார்ந்து, இடுப்பு வலியையும் மருமகளையும் பேசிப் பேசி ஒரு கட்டத்தில் ஒரு குடம் போதும் என்று ஆகிவிட்டது. 1978இல் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்ட விழுப்புரம் இது. இங்கே இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து உட்கார்வதற்கு அரசாங்கம் வேறு எந்த இடத்தை உண்டாக்கித் தந்திருக்கிறது? கதை பேசினார்கள் என்பது குற்றச்சாட்டு என்றால், ஆமாம், பேசினார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். அதைத் தமிழில் முழுதாகப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. வேலை கேட்டு மனு கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு பாதி. வேலை 5 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் 10 விழுக்காடு கூடுதல். வேலைத்தளத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும். அவளுக்கும் கூலி உண்டு. வேலை முடிந்து 15 நாளுக்குள் கூலி கைக்கு வர வேண்டும். இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1972 பஞ்சத்தில் மகாராஷ்டிரத்தில் பசித்தவர்கள் வேலை கேட்டுத் திரண்டதிலிருந்து வந்தது. ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் "எங்கள் மஸ்டர் ரோலைக் காட்டு" என்று கேட்டதிலிருந்து வந்தது. கூலிப் பட்டியலைப் பார்க்கக் கேட்ட அந்தப் போராட்டம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் வழி செய்தது. இரண்டு சட்டங்களும் ஒரே ஆண்டில், 2005இல், வந்தது தற்செயல் இல்லை.

வேலையில்லாப் படி வாங்கிய ஒருவரைக்கூட எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. ஒப்புகைச் சீட்டு கொடுத்தால்தானே 15 நாளை எண்ண முடியும். அதனால் சீட்டே கொடுப்பதில்லை. ஒருமுறை, எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை, அம்மாவோடு போய் மனு கொடுத்துவிட்டுச் சீட்டுக் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பையனுக்கு என் மாணவன் வயதுதான் இருக்கும். அம்மாவைப் பார்த்து, "உனக்குத் தெரியாதா? சொல்லி அனுப்பறப்ப வந்தாப் போதும்" என்றான். என்னைப் பார்த்து, "மேடம், நீங்க உக்காருங்க" என்றான். ஒரே நிமிடத்தில் ஒரே வாயில் இரண்டு முன்னிலை. இலக்கண வகுப்பில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் தந்ததில்லை.

ஒரு சட்டத்தை ஒழிக்க அதை ரத்து செய்ய வேண்டும் என்பதில்லை. பட்டினி போட்டால் போதும். பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் இந்த வேலைக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் செலவானது; நகரங்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குச் சோறு போட்டது அதுதான். 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது 60,000 கோடி. அதே 2023 ஜனவரியிலிருந்து ஒரு செயலி கட்டாயமானது. காலையும் மதியமும் இரண்டு தடவை நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும், கைப்பேசியில் சிக்னல் இல்லை என்றால் உழைத்த உழைப்பு இல்லை. 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாக மட்டுமே கூலி. நாற்பது வருடம் களை எடுத்துத் தேய்ந்த கட்டைவிரலை ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் வைத்து, நீ நீதானா என்று நிரூபிக்க வேண்டும். அம்மாவின் ரேகை மூன்று முறை தேறவில்லை. நான்காவது முறை தேங்காய் எண்ணெய் தடவி வைத்துப் பார் என்று வரிசையில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். தேறியது. இதைத்தான் டிஜிட்டல் ஆளுகை என்கிறார்கள்.

அப்படியும் கூலி வரவில்லை. 2024 கடைசியில் செய்த வேலைக்கு மாதக்கணக்கில் பணம் வரவில்லை. ஒன்றிய அரசு தர வேண்டிய நிலுவை 4,034 கோடி என்று தமிழ்நாடு அரசு சொன்னது. 2025 மார்ச் 29 அன்று ஆளும் கட்சியே ஒன்றியந்தோறும் ஆர்ப்பாட்டம் நடத்தியது. டெல்லியோ, தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே எவ்வளவு கொடுத்தோம் தெரியுமா என்று பட்டியல் படித்தது. கூலி 15 நாளைத் தாண்டினால் இழப்பீடு தர வேண்டும் என்பது சட்டம்: நாளுக்கு 0.05 விழுக்காடு. அப்போதைய கூலி 319 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் ஒரு நாள் தாமதத்துக்கு 16 காசு. அந்த 16 காசைப் பற்றி இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

புறத்திணையில் பரிசில் கடாநிலை என்று ஒரு துறை உண்டு. பரிசில் தரத் தாமதிக்கும் தலைவனிடம் தன் வறுமையைச் சொல்லி நினைவூட்டிக் கேட்பது. அதியமானின் வாயிலில் காத்திருந்து சலித்த ஔவை, வாயில் காவலனிடம் சினந்து, போக எங்களுக்கு வேறு இடமா இல்லை என்ற தொனியில் கிளம்பத் துணியும் பாட்டு 206ஆவது. வருடந்தோறும் நடத்துகிறேன். 2025 மாசி பங்குனியில் அதை நடத்தியபோது எனக்குச் சொல் வரவில்லை. ஔவை கேட்டது பரிசில். கொடுப்பவனுக்குக் கொடை, பெறுபவளுக்குப் பெருமை. என் அம்மா கேட்பது பரிசில் அல்ல. ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குக் கூலி. கூலியைப் பரிசிலாக்கி, கூலிக்காரியை இரவலாக்கி, வாயிலில் நிறுத்தி வைத்திருப்பதுதான் இன்றைய அரசியல் செய்கிற வேலை. டெல்லி அதை ஒரு விதமாகச் செய்கிறது. சென்னை வேறு விதமாகச் செய்கிறது.

சென்னையைப் பற்றிப் பேசினால் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய். அதை இலவசம், ஓசி என்று பேசுகிறவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. பெண்கள் பஸ்ஸில் கட்டணமின்றிப் போவதை 2022இல் எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த அமைச்சர் ஒருவரே மேடையில் ஓசி என்றார். திட்டத்தைக் கொண்டுவந்த அரசின் அமைச்சர். கொடுக்கிற கை அதைக் கொடையாகவே நினைக்கிறது என்பது அன்று வெளியே வந்தது. அந்த பஸ்ஸால்தான் என் வகுப்பில் காணையிலிருந்தும் கண்டாச்சிபுரத்திலிருந்தும் வரும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டம் 2022இல் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாறியபோது, ஒரு பெண்ணின் இருபது வயது எதற்கானது என்பதையே அரசு மாற்றி எழுதியது. என் மாணவி ஒருத்தி அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது ஒரு மூக்குக்கண்ணாடி. மூன்று வருடமாகக் கரும்பலகை தெரியாமலே தேர்வு எழுதியிருக்கிறாள். கொள்கை என்பது இதுதான்: யார் பார்க்கிறார்கள், யாருக்குத் தெரியவில்லை என்பதை ஒரு கையெழுத்து மாற்றிவிடும்.

ஆகவே என் சண்டை பணத்தோடு இல்லை. பெயரோடு. உரிமை என்று பெயர் வைத்தீர்கள். உரிமை என்றால் கிடைக்காதபோது கேட்பதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். உரிமைத் தொகைக்குப் பின்னால் சட்டமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இல்லை, அரசாணைதான் இருக்கிறது. 1 கோடியே 63 லட்சம் பெண்கள் விண்ணப்பித்தார்கள். முதலில் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். மற்றவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி, தகுதி இல்லை என்று. வீட்டில் கார் இருந்தால் தகுதி இல்லை. வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் என்றால் தகுதி இல்லை. கார் யாருடையது, அந்த மின்சாரம் யாருக்காக ஓடியது என்ற கேள்வி கிடையாது. புருஷன் பெயரில் கார் இருக்கும். அவளுக்குக் கையில் பத்து ரூபாய் இருக்காது. பெண்ணின் உரிமையை அளக்கக் கணவனின் சொத்தை எடுத்துக்கொள்வதற்கு எதற்குப் பெண்ணிய மொழி?

என் அம்மாவுக்கு அந்தத் தொகை இல்லை. அவர் விதவை உதவித்தொகை வாங்குகிறார், 1,200 ரூபாய். ஒன்று வாங்கினால் மற்றது கிடையாது. வீட்டில் பெண்கள் செய்யும் கூலியில்லா உழைப்பை மதிப்பதற்கே உரிமைத் தொகை என்று அரசு சொன்னது. புருஷன் செத்தவள் சோறாக்குவதில்லையா, பேரப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவதில்லையா?

உழைப்பை மதிப்பது என்று ஆரம்பித்தால் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 1970களில் மரியரோசா தல்லா கோஸ்தா, சில்வியா ஃபெதரிச்சி முதலானவர்கள் வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்டபோது அதைக் கிறுக்குத்தனம் என்றார்கள். இன்று இந்திய அரசே கணக்கெடுக்கிறது. 2019இன் நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி வீட்டு வேலை செய்யும் பெண் நாளுக்கு 299 நிமிடம் கூலியில்லாமல் செய்கிறாள். வீட்டு வேலை செய்யும் ஆண் 97 நிமிடம். மாதத்துக்குச் சுமார் 150 மணி நேரம். 1,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வரவில்லை. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடிக்க முடியாது.

இன்னொரு கணக்கு. 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு ஒரு வருடத்துக்கு உரிமைத் தொகையாகப் போவது 12,720 கோடி ரூபாய். 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி. 2003இல் ஒரு பெண் முதல்வரின் ஆட்சியில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு வந்த யாரும் அதைக் கீழே வைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்தக் கணக்கை எண் தெரியாமலே போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் அண்ணி சொல்வார்: "பதினஞ்சாந்தேதி என் கணக்குல போடறாங்க, இருவதாந்தேதிக்குள்ள அவருகிட்ட வாங்கிக்கறாங்க." விற்காத சாராயம் அதைவிடக் கொடியது என்பதையும் நாங்கள்தான் பார்த்தோம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம். 2024 ஜூனில், எங்கள் மாவட்டத்திலிருந்து 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பிணங்கள். செத்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம். உயிரோடு மண் வெட்டினால் அப்போது 319 ரூபாய், அதுவும் பாக்கி.

கருணாபுரத்துக்கு மூன்று வாரம் கழித்து, ஜூலை 10 அன்று, எங்களுக்கு விக்கிரவாண்டி இடைத்தேர்தல். காணை ஒன்றியம் அந்தத் தொகுதியில்தான் வருகிறது. ஒரு மாதம் எங்கள் தெரு தெருவாக இல்லை. அமைச்சர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், "அம்மா", "தாயி" என்றார்கள். ஏரிக்கரைக்கே வந்து கும்பிட்டார்கள். அப்போது யாரிடமும் ரேகை தேறவில்லை என்று யாரும் சொல்லவில்லை. 2025 டிசம்பரில் உரிமைத் தொகைக்கு மேலும் பல லட்சம் பேரைச் சேர்த்தார்கள். அடுத்த கோடையில் சட்டமன்றத் தேர்தல். ஒரு பெண்ணின் தகுதி தேர்தல் நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போகிறது.

அதே டிசம்பரில் டெல்லி 2005ஆம் வருடச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை நிறைவேற்றியது. விக்சித் பாரத் என்று தொடங்கும் நீண்ட பெயர். காந்தியின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் பத்திரிகை முழுக்க இருந்தது. காந்தி தாங்கிக்கொள்வார். நான் பார்த்தது வேறு. நூறு நாளை 125 நாள் ஆக்கியிருக்கிறோம் என்றார்கள். முன்பு வேலைக்கான கூலி முழுவதும் ஒன்றிய அரசின் பொறுப்பு; இனி 60க்கு 40 என்று மாநிலமும் போட வேண்டும். எவ்வளவு பணம் என்பதை முன்கூட்டியே டெல்லி முடிவு செய்யும். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று இருந்தது, இருப்பதில் கொடுப்போம் என்று ஆகிறது. பணமில்லாமல் 125 நாள் என்பதும் 300 நாள் என்பதும் ஒன்றுதான்.

அதைவிட முக்கியமான இன்னொரு பிரிவு. விதைப்பு, அறுவடைக் காலங்களில் வருடத்துக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலை நடக்காது. எந்த 60 நாள் என்பதை மாநிலம் அறிவிக்கும். விவசாயத்துக்கு ஆள் வேண்டுமல்லவா, அதற்காக.

இருபது வருடமாக டவுன் பஸ்ஸிலும் பந்தியிலும் நான் கேட்ட வாக்கியம் நாடாளுமன்றத்தில் போய்ச் சட்டமாகிவிட்டது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேவைப்படும் நாட்களில்தான் ஒரு கூலிக்காரி தன் கூலியைப் பேச முடியும். மற்ற நாளில் யார் அவளைக் கூப்பிடப் போகிறார்கள்? அந்த நாட்களில் பார்த்து ஏரியைப் பூட்டிவிட்டால் அவள் "வரல" என்று சொல்ல முடியாது. 2006இல் என் அம்மா சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான் இந்தப் பிரிவு திருப்பி வாங்கிக்கொள்கிறது.

சென்னை இந்தச் சட்டத்தை எதிர்க்கிறது. நல்லது. ஆனால் 60 நாளை அறிவிக்கும் அதிகாரம் சென்னையிடம் இருக்கப்போகிறது. கயினிக்காரர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அந்தக் கோப்பு மேசைக்கு வரும்போது யாரைக் கேட்டு நாள் குறிப்பார்கள் என்பதைத்தான் நான் பார்க்கப்போகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் திண்ணையில் கூடிய ஏழெட்டுப் பேருக்கும் சட்டத்தைப் படித்துக் காட்டினேன். 125 என்றதும் தலையாட்டினார்கள். 60க்கு 40 என்றதும் பெரியம்மா, "ரெண்டு பேருகிட்ட மாட்டிக்கிட்டமா" என்றார். அறுபது நாள் என்றபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. புளியமரம் இன்னும் இருக்கிறது. இப்போது சைக்கிள் வருவதில்லை, கைப்பேசியில்தான் கூப்பிடுகிறார்கள், நடவுக்கு முந்நூறு என்று பேச்சு.

அம்மா கேட்டார்: "அந்த அறுவது நாளு கூலி எவ்ளோன்னு போட்டுருக்கா அதுல?"

இல்லை என்றேன்.

"அப்ப எழுது. அறுவது நாளு ஏரிய மூடுனா எங்க எல்லாருக்கும் அந்தக் கூலிய யாரு குடுப்பாங்கன்னு. எங்களக் கேக்காம நாளு குறிக்கக் கூடாதுன்னும் எழுது. இருவத்தாறாந்தேதி கிராமசபையில குடுக்கலாம்."

என் பையிலிருந்து விடைத்தாள் ஒன்றை உருவி எழுதத் தொடங்கினேன். பதினாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் ஒன்பது பேர் ரேகை. ஊர்த்தெருவிலிருந்து வந்த இரண்டு அக்காக்களும் உண்டு. எல்லோரும் போட்ட பிறகு அம்மா காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தேதி சின்னதா கீது. பெருசாப் போடு."